கறைக்காக நல்ல பல்லை ராவ விடாதீர்கள்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப் டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். இலவச பல் பரிசோதனை முகாம், தண்ணீர்க் கறைக்கு நிரந்தரத் தீர்வு, அன்றே பதிவு செய்தால் பாதிக் கட்டணம். கோயம்புத்தூர் கிளினிக் ஒன்றின் பெயர் கீழே இருந்தது. என் பல்லைக் கெடுத்த அதே கிளினிக். பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. ஆனால் என்ன நடந்தது என்பதை இனியும் எழுதாமல் இருந்தால் என் வகுப்பில் படிக்கும் பெண் குழந்தைகளின் அம்மாக்கள் முகத்தில் என்னால் விழிக்க முடியாது.

நான் இங்கே, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம், தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தப் பக்கம்தான். எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி, கொழிஞ்சாம்பாறை என்று எங்கே போனாலும் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் சிரிக்கும்போது முன்பல்லில் பழுப்புப் பட்டை தெரியும். மழை குறைவு, எல்லோருக்கும் போர் தண்ணீர், அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் இருக்கும் தண்ணீரைச் சின்ன வயதில், அதாவது நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் ஏழெட்டு வயது வரை தொடர்ந்து குடித்தால், பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டோடு முளைக்கும், பிறகு அது பழுப்பாகும். பல் துலக்காததால் வந்த கறை இல்லை அது. சொத்தையும் இல்லை. இந்த ஒரு விஷயம் எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

எனக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயத்தன்று போட்டோ எடுக்கும்போது தூரத்துச் சொந்தத்தில் ஓர் அத்தை, 'வாயை மூடிச் சிரி கண்ணு' என்று சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனால் அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. அவர், அதாவது இப்போது என் வீட்டுக்காரர், கறையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருந்தாலும் நானாகத் தேடி, போனில் ஒரு வீடியோ பார்த்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போனேன்.

பரிசோதனை இலவசம். ஏசி அறை, வாய்க்குள் விடும் சின்ன கேமரா, எதிரே பெரிய டிவி. யாருடைய பல்லானாலும் அந்த டிவியில் அரையடி உயரத்துக்குப் பார்த்தால் பயம்தான் வரும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் நின்று விளக்கிய பெண் டாக்டர் இல்லை, கவுன்சிலர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. 'எனாமல் அரிச்சுப் போச்சு மேடம், உள்ளே சொத்தை ஓடிட்டிருக்கு, இப்படியே விட்டா நாலஞ்சு வருஷத்துல முன்பல் எல்லாம் கொட்டிடும்' என்றார். அம்மா, 'ஏனுங்க, மருந்து போட்டு வெளுக்க வைக்கிறாங்களாமே, அது பண்ண முடியாதுங்களா?' என்று கேட்டார். பிளீச்சிங் இந்தக் கறைக்குப் பிடிக்கவே பிடிக்காது, காசு தண்டம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எக்ஸ்ரே ஒன்றுகூட எடுக்கவில்லை. இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். பல்லுக்குள் சொத்தை ஓடுகிறது என்று சொன்னவர்கள் ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை.

மேல் வரிசையில் எட்டுப் பல்லுக்கு ஜிர்கோனியா கேப், அதாவது பல்லை ராவி மேலே மாட்டும் வெள்ளை உறை, உள்ளே மெட்டல் இல்லாதது. ஒன்று 10,500 ரூபாய், மொத்தம் 84,000. இன்றைக்கே பதிவு செய்தால் 76,000. கையில் இருந்த 16,000 கட்டினோம். மீதி 60,000-க்கு அங்கேயே ஒரு பையன் டேப்லெட்டோடு வந்து ஆதார், பான் வாங்கி, போனில் வந்த ஓடிபியைக் கேட்டு, பத்து நிமிடத்தில் மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு தவணை போட்டுவிட்டான். வட்டி இல்லை என்றார்கள், பிராசசிங் சார்ஜ் என்று 1,770 பிடித்தார்கள். நான் நினைத்தது கிளினிக்குக்குத் தவணை கட்டுகிறேன் என்று. உண்மையில் அது ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன். பணம் கிளினிக்குக்கு முன்கூட்டியே மொத்தமாகப் போய்விடும். பிறகு கிளினிக்கோடு என்ன தகராறு இருந்தாலும் தவணையை நிறுத்த முடியாது, நிறுத்தினால் சிபில் ஸ்கோர், அதாவது பேங்க் பார்க்கும் கடன் மதிப்பெண், நம்முடையதுதான் கெடும்.

அன்றைக்கே ஊசி போட்டுப் பல்லை ராவினார்கள். கையெழுத்து வாங்கிய தாள் முழுக்க ஆங்கிலம், நான் படிக்கத் தெரிந்தவள்தான், படிக்க நேரம் தரவில்லை. ராவியது யார், அவர் பெயர் என்ன, எதுவும் தெரியாது. மாஸ்க் போட்ட ஒருவர் வந்தார், முடித்தார், போனார். நடுவில் வாய் கழுவ எழுந்தபோது எதிர்க் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். முன்பல் எட்டும் சின்னச் சின்ன முளைக்குச்சி மாதிரி நின்றன. கேப் போட ஒரு பல்லைச் சுற்றிலும் சுமார் ஒன்று முதல் ஒன்றரை, நுனியில் இரண்டு மில்லிமீட்டர் வரை எடுப்பார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். எனாமல் திரும்ப வளராது. ராவிய பல்லுக்கு வாழ்நாள் முழுக்க ஏதாவது ஒரு கேப் இருந்துதான் ஆக வேண்டும், கேப்புக்கு ஆயுள் உண்டு, பழசானால் மாற்ற வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

கல்யாண போட்டோ எல்லாம் நன்றாகத்தான் வந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பங்குனியில் ஆரம்பித்தது வலி. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம், பிறகு ராத்திரியில் தானாக விண்விண்ணென்று. கிளினிக்குக்குப் போனால் இரண்டு பல்லில் நரம்பு செத்துவிட்டது, ரூட் கெனால் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது) செய்ய வேண்டும், ஒன்றுக்கு 4,500 என்றார்கள். உங்கள் வேலையால்தானே வந்தது என்று கேட்டதற்கு, இது உங்கள் பல்லின் தன்மை என்று பதில். வயது குறைந்தவர்களுக்குப் பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறை பெரிதாக இருக்கும், அதனால் நிறைய ராவினால் சூடும் அதிர்ச்சியும் நரம்பைத் தாக்கும் வாய்ப்பு அதிகம். முதல் நாள் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. வலி தாங்காமல் 9,000 கட்டினேன். புது கேப்பிலேயே பின்பக்கம் ஓட்டை போட்டு ரூட் கெனால் செய்து சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். ஆக மொத்தம் 86,770 ரூபாய்.

ஆவணி வாக்கில் ஈறு ஓரத்தில் கறுப்பு வளையம் தெரிய ஆரம்பித்தது. எங்கள் பள்ளியில் இருக்கும் மலையாளம் டீச்சர்தான், இனி அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை என்னைத் திருச்சூர் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போனார். கூட்டம், காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் கல்யாணத்துக்கு முந்தின போட்டோவை போனில் பார்த்தார்கள். கீழ் வரிசைப் பல்லை ஒவ்வொன்றாகக் கருவி வைத்துத் தொட்டுப் பார்த்தார்கள். கீழ்ப் பல்லிலும் அதே கறை, ஆனால் ஒரு சொத்தை இல்லை, கெட்டியாக இருந்தது. மூத்த டாக்டர் அம்மா போட்டோவையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இது கேடில்லாத்த பல்லாயிருந்நு' என்று மெதுவாகச் சொன்னார். கேடு இல்லாத பல்லாக இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

ரூட் கெனால் செய்த ஒரு பல்லின் கேப் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிற மெட்டல். ஜிர்கோனியா என்று காசு வாங்கிக்கொண்டு மெட்டலுக்கு மேல் செராமிக் பூசிய கேப்பைப் போட்டிருக்கிறார்கள். அது விலையில் ரொம்பக் குறைந்தது. மெட்டல் கேப் மோசம் என்று நான் சொல்லவில்லை, கடைவாய்ப் பல்லுக்கு எத்தனையோ பேர் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். சொன்னது ஒன்று, போட்டது ஒன்று என்பதுதான் என் புகார். ஜிர்கோனியா கேப் என்றால் அதைச் செய்யும் லேபிலிருந்து பெரும்பாலும் ஓர் உத்தரவாத அட்டை வரும், அதில் நம் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். எனக்கு அப்படி எதுவும் தரவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. கழற்றிய கேப்பைச் சின்ன டப்பாவில் போட்டு வாங்கி வந்துவிட்டேன். இன்று என்னிடம் இருக்கும் பெரிய ஆதாரம் அதுதான்.

அப்படியானால் கறைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த டாக்டர் அம்மா சொன்னது, சின்னதில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போக வேண்டும். முதலில் கிளீனிங் செய்து மேலே படிந்ததை எடுத்தாலே சிலருக்கு வித்தியாசம் தெரியும். (கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது தப்பு. காறை பிடித்து ஏற்கெனவே ஈறு விலகிய பல்தான் காறையை எடுத்தபின் ஆடுவது தெரிய வருகிறது.) பிறகு மைக்ரோ அப்ரேஷன் என்று ஒன்று இருக்கிறது, ஆசிட் கலந்த பசையால் பல்லின் மேல் தோலை மட்டும் மிக மெல்லியதாகத் தேய்த்து எடுப்பது, பழுப்புக் கறைக்கு நன்றாகவே கேட்கும். அதோடு டாக்டர் மேற்பார்வையில் பிளீச்சிங். பழுப்பு முழுக்கப் போகாது, ஆனால் மங்கும், சில நாள் கூச்சம் இருக்கும், வெள்ளைத் திட்டு உள்ளவர்களுக்குத் திட்டு கொஞ்சம் எடுப்பாகவும் தெரியலாம். பல்லில் குழி விழுந்திருந்தால் பல் நிறத்து கம்போசிட் பசை வைத்து அடைக்கலாம். அதற்கும் மேலே போனால் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு, அதற்கு முன்பக்கம் மட்டும் சுமார் அரை மில்லிமீட்டர் எடுப்பார்கள். சுற்றிலும் ராவிக் கேப் போடுவது உடைந்த பல்லுக்கும் ரூட் கெனால் செய்த பல்லுக்கும் சரி, கல்யாண போட்டோவுக்காக எட்டு நல்ல பல்லுக்கு இல்லை. என்னுடையதற்கு முதல் இரண்டு படியே போதுமாயிருந்திருக்கும் என்றார்.

இப்போது புகார் விஷயம், இது எல்லையில் இருக்கும் நமக்கு முக்கியம். கிளினிக் தமிழ்நாட்டில், நாம் கேரளத்தில், யார் கோயம்புத்தூர் கோர்ட்டுக்கு அலைவது என்று விட்டுவிடுவோம் என்பது அவர்களுக்கும் தெரியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நான் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில்தான் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுக் கேட்கலாம். டாக்டர் யார் என்றே தெரியாதது என் வழக்கில் பெரிய இடைஞ்சல். ரசீதில் 'பல் சிகிச்சை' என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை, கவுன்சில் பதிவு எண் இல்லை. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதியிருக்கிறேன், யார் மேல் புகார் என்ற இடத்தில் கிளினிக் முகவரியைத்தான் எழுத முடிந்தது. அதனால் எங்கே போனாலும் ரசீதில் டாக்டர் பெயர், பதிவு எண், எந்தப் பல், என்ன பொருள், எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயையும் வேலைக்கு முந்தின போட்டோவையும் கேட்டு வாங்குங்கள். அன்றே முடிவு செய்தால்தான் தள்ளுபடி என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். கறை இருபது வருஷமாக இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் இருந்தால் ஒன்றும் ஆகாது.

குழந்தைகள் விஷயம் தனி. முகாமில் உங்கள் பிள்ளையின் முளைத்து வரும் பல்லைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பிவிடாதீர்கள், முதலில் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். வாட்டர் அதாரிட்டி லேபில் கொடுத்தால் ஃப்ளோரைடு எவ்வளவு என்று சொல்வார்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று எங்கள் வீட்டிலும் நினைத்தோம். ஃப்ளோரைடு காய்ச்சுவதால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ மெஷின் எடுக்கும், இல்லையென்றால் எட்டு வயது வரையாவது குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர்க் குழாயிலோ மழைத் தண்ணீரிலோ பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு பேஸ்ட் பட்டாணி அளவு போதும், துப்பப் பழக்குங்கள்.

முகாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. நானும் மலையாளம் டீச்சரும் காலை ஒன்பது மணியிலிருந்து அந்த டீக்கடை பெஞ்சில் இருப்போம். என் எக்ஸ்ரே, பழைய போட்டோ, டப்பாவில் இருக்கும் அந்த கேப், கடன் தாள் எல்லாம் கையில் இருக்கும். உள்ளே போவதற்கு முன் ஐந்து நிமிடம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.