சாட்டை எடுக்கற தலைவரா, ஊர்க் கூட்டமா, தனி அலுவலரா? எங்க ஊரு தண்ணிய வச்சு ஒரு அலசல்

போன வாரம் காரிமங்கலத்துல டீ குடிச்சிட்டு இருக்கறப்ப எங்க சித்தப்பா வழக்கம்போல ஆரம்பிச்சாரு. "இந்த நாட்டுக்கு ஒருத்தன் வேணும்டா, சாட்டைய கையில எடுத்தான்னா ஆறு மாசத்துல எல்லாம் நேராயிடும், சிங்கப்பூர பாரு"ன்னு. எதிர் பெஞ்சுல ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போற பையன் ஒருத்தன், "எதுக்குங்க தலைவரு, நம்ம சம்பாரிக்கறோம் நம்ம சாப்பிடறோம், எவனும் இல்லன்னாலும் ஊரு ஓடும்"னான். ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாத்தாங்க. எனக்கு அப்ப வாயில வடை, பதில் வரல. வீட்டுக்கு வந்தப்பறம் தான் தோணுச்சு, இதுல ஊகிக்கறதுக்கு என்ன இருக்கு, பெரிய தலைவரு, தலைவரே இல்லாத ஊர்க் கூட்டம், ஆபீசர் மட்டும் இருந்த காலம், ஓட்டு போட்டு வச்ச ஊராட்சித் தலைவரு, நாலையும் நாங்க இதே ஊருல இருந்துக்கிட்டே பாத்துட்டோமேன்னு. அதனால தண்ணிய மட்டும் எடுத்துக்கிட்டு நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கறேன்.

மொதல்ல பெரிய தலைவர் வேணும்ங்கற கட்சி. இதுக்கு ஆதாரம் என் வாயிலயே இருக்கு. நான் சிரிச்சா முன் பல்லு ரெண்டுலயும் காப்பித்தூள் தடவுன மாதிரி ஒரு கோடு தெரியும், கல்யாண போட்டோவுல கூட வாய மூடிக்கிட்டு தான் நிக்கறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என் வயசுக்காரங்க நெறைய பேருக்கு இந்தக் கதை தான், போர் தண்ணியில ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல போனா ஆகாதுங்கறாங்க, நாங்க அளந்தா குடிச்சோம், தாகம் எடுத்தா குடிச்சோம், நிலைப் பல்லு ஈறுக்குள்ள உருவாகற வயசுல உள்ள போனது பல்லுலயே தங்கிடுச்சு. வயசானவங்களுக்கு பல்லோட நிக்கல, முட்டி, முதுகெலும்புன்னு போயிடுச்சு. என் பொண்ணு 2014ல பொறந்தவ. அவளுக்கு பல்லு தேங்காய்ப் பத்தை மாதிரி இருக்கு. நடுவுல நடந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடன்ல 1,928 கோடி ரூபாய்க்கு, காவிரித் தண்ணிய மேடேத்தி ரெண்டு மாவட்டத்துக்கும் கொண்டு வந்தது. இத எந்த ஊர்க் கூட்டமும் வசூல் பண்ணி செஞ்சிருக்க முடியாது, வீட்டுக்கு ஐநூறு போட்டா ஒகேனக்கல்லேர்ந்து பென்னாகரம் வரைக்கும் கூட பைப் வராது. ஓசூர் பையன் இதுக்கு பதில் சொல்லட்டும்.

ஆனா இந்தத் திட்டம் யாரோடதுன்னு கேட்டுப் பாருங்க, டீக்கடையில பெஞ்சு உடையும். 2008 பிப்ரவரியில அடிக்கல் நாட்டுனது கலைஞர். ரெண்டே மாசத்துல, கர்நாடகாவுல எலெக்‌ஷன் முடியட்டும்னு தள்ளி வச்சதும் அவரே. 2011ல ஆட்சி மாறுச்சு. 2013 மே மாசம் தொறந்து வச்சது ஜெயலலிதா. ஒருத்தரு மேல இன்னொருத்தருக்கு எவ்வளவு பாசம்னு உங்களுக்கே தெரியும், அப்படியும் வேலை நிக்கல. ஏன்? கடன் கையெழுத்தாயிருச்சு, டெண்டர் போயிருச்சு, வேலை ஆரம்பிச்சிருச்சு. பலமான தலைவர்னு நம்ம சொல்ற ரெண்டு பேரு மாறி மாறி வந்தும் தண்ணி வந்து சேந்ததுக்கு காரணம், வேலை ஆளோட கட்டாம பைலோட கட்டியிருந்தது. சித்தப்பா இத ஒத்துக்க மாட்டாரு, அவருக்கு கல்வெட்டுல ஒரே பேரு தான் இருக்கணும்.

கிருஷ்ணகிரி அணையும் இதே மாதிரி தான். காமராஜர் காலத்து அணை, அது இல்லன்னா அந்த ஆயக்கட்டுல நெல்லே கிடையாது. 2017 நவம்பர்ல அதுல ஒரு ஷட்டர் உடைஞ்சு தேக்கி வச்ச தண்ணி சும்மா போச்சு. அணை தொறக்கறதுக்கு தலைவர் வருவாரு, மாலை, மேளம் எல்லாம் உண்டு. ஷட்டருக்கு பெயிண்ட் அடிச்சோம், துரு சுரண்டுனோம், கிரீஸ் போட்டோம்னு எந்த ஊருலயாச்சும் விழா பாத்திருக்கீங்களா? பெரிய தலைவர் ஆட்சியில தொறப்பு விழா மட்டும் தான் கண்ணுக்குத் தெரியும்.

சிங்கப்பூர் பத்தி ஒரு வார்த்தை. லீ குவான் யூ 1959லேர்ந்து 1990 வரைக்கும் பிரதமர், சரி. ஜிம்பாப்வேல முகாபே 1980லேர்ந்து 2017 வரைக்கும். ரெண்டு பேருமே சாட்டை எடுத்தவங்க தான். எது வந்து விழும்னு சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடி தெரியாது, எடுத்தப்பறம் திருப்பிக் குடுக்கவும் முடியாது. இவ்வளவு போதும், நம்ம ஊருக்கு வருவோம்.

தலைவரே வேணாம், ஊரே பாத்துக்கும்ங்கற கட்சி. கேக்க ரொம்ப நல்லா இருக்கு, நானும் ஒரு காலத்துல இந்தப் பக்கம் தான் இருந்தேன். மாரியம்மன் பண்டிகைக்கு யாரு உத்தரவு போடறாங்க, தானா நடக்குதுல்ல? எங்க ஏரிய ஒரு காலத்துல நீர்கட்டி தான் பாத்துக்கிட்டாரு, எந்த மதகு எத்தன நாழி தொறக்கணும்னு அவருக்குத் தெரியும், அறுவடையில ஒரு பங்கு அவருக்கு, எந்த மந்திரியும் குறுக்க வந்தது இல்ல. ஆனா அந்தக் கூட்டத்துல யாரு திண்ணையில உக்காந்தாங்க, யாரு வேலியோரம் நின்னாங்கன்னு எங்க பாட்டி சொல்லி கேட்டிருக்கேன். கடைமடையில நிலம் வச்சிருந்தவங்க முறைக்கு தண்ணி எப்பவும் ராத்திரி ரெண்டு மணிக்கு தான் வருமாம். பொம்பளைங்க கூட்டத்துக்கே போனது இல்ல. ஊருன்னா மேல் ஊரு தான், தலித் மக்கள் இருந்த காலனி அந்தக் கணக்குலயே கிடையாது.

வழிவழியா வந்த மணியக்காரர் (ஊர் வரி வசூலிக்கறவரு), கர்ணம் (நிலக் கணக்கு எழுதறவரு) பதவிய ஒரே அவசரச் சட்டத்துல, 1980 நவம்பர் 14, எம்ஜிஆர் தூக்குனாரு. அதுவரைக்கும் ஒரு வீட்டுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்த கணக்கு நோட்டு பரீட்சை எழுதி வந்த விஏஓ கைக்கு வந்துச்சு. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் சட்டம் நின்னுச்சு. ஊருக்குள்ளயே இருந்து அந்த மணியக்காரர எவனாச்சும் அசைச்சிருக்க முடியுமா? எங்க தாத்தா ஒரு சிட்டா நகலுக்கு எத்தன சேவல் குடுத்தாருன்னு கணக்கே இல்ல. அதனால "எவனும் வேணாம்"னு சொல்றவங்க கிட்ட நான் கேக்கறது ஒண்ணு தான், ஊருக்குள்ள இருக்கற குட்டி ராஜாவ யாரு எறக்குவா? 2012 நவம்பர்ல தருமபுரி பக்கத்துல நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர்னு தலித் மக்களோட காலனி வீடுகள எரிச்சது வெளிநாட்டுப் படை இல்ல, சுத்துப்பட்டு ஊருக்காரங்க. இத எழுதவே கை கூசுது, ஆனா எழுதாம ஊர்க் கூட்டத்த மட்டும் புகழ்ந்தா அது பொய்.

அப்படின்னா பலமான அரசாங்கமே நல்லதான்னா, அரூர் பக்கம் வாச்சாத்திக்கு போங்க. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாரும் சேந்து மலையடிவாரத்து ஊருக்குள்ள போனாங்க. 18 பொண்ணுங்கள பாலியல் வன்கொடுமை பண்ணாங்க, வீட்ட இடிச்சாங்க, கிணத்துத் தண்ணியக் கூட விடல, ஊரயே ஜெயிலுக்கு அனுப்பிட்டு தானியத்த மண்ணுல கொட்டுனாங்க. குத்தம் சாட்டப்பட்டவங்க 269 பேரு, எல்லாம் அரசு ஊழியர். பக்கத்து ஊர்ச் சண்டையா இருந்தா அடிச்சவன் மேல புகார் குடுக்க ஒரு ஸ்டேஷன் இருக்கும், இங்க ஸ்டேஷனே வந்து அடிச்சிருக்கு, எங்க போவாங்க? மலைவாழ் மக்கள் சங்கம், கம்யூனிஸ்ட் தோழருங்க, விடாம சாட்சி சொன்ன அந்தப் பொண்ணுங்க, சிபிஐ விசாரணைக்கு உத்தரவு போட்ட கோர்ட், இப்படித் தான் வழக்கே நகந்துச்சு. 2011 செப்டம்பர் 29ல தருமபுரி கோர்ட் தீர்ப்பு சொன்னப்ப 54 பேரு செத்தே போயிட்டாங்க, மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. 2023ல அதே செப்டம்பர் 29ல ஹைகோர்ட் அத உறுதி பண்ணி, அன்னிக்கு இருந்த கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அதிகாரி மேலயும் நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு. 31 வருஷம். சாட்டை சாட்டைன்னு பேசறவங்க அது யாரு முதுகுல விழும்னு ஒரு தடவ யோசிக்கணும், அது மொதல்ல குரல் இல்லாதவங்க முதுகுல தான் விழுது. அன்னிக்கு மேல பலமான தலைவர் இல்லாமலா இருந்தாங்க?

சரி, தலைவரும் வேணாம், ஊர்க் கூட்டமும் வேணாம், படிச்ச ஆபீசர் கிட்ட விட்டுடலாம்ங்கறது மூணாவது கட்சி. படிச்ச பசங்க நெறைய பேரு இந்தப் பக்கம். இதையும் பாத்தாச்சு. 2016ல நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர்ல தான் நடந்துச்சு, நடுவுல மூணு வருஷத்துக்கு மேல தனி அலுவலர். ஒன்றியத்துல இருக்கற எல்லா ஊராட்சிக்கும் கையெழுத்து ஒரே ஆபீசர் தான். அவர நான் குத்தம் சொல்லல, அந்த நாற்காலியில யாரு உக்காந்தாலும் அப்படித் தான் இருந்திருக்கும். அந்தக் காலத்துல ஒரு சித்திரை மாசம் எங்க போர் மோட்டார் காயில் எரிஞ்சிருச்சு. தண்ணி விடறவரு போன் பண்ணாரு, கிளார்க்கு எடுத்தாரு, எஸ்டிமேட் வேணும்னாங்க, எஸ்டிமேட் போடறவரு லீவு, அப்பறம் ஜமாபந்தி, அப்பறம் எதோ மீட்டிங். பதினாறு நாள். கடைசியில வீட்டுக்கு இருநூறு ரூபா வசூல் பண்ணி பாலக்கோட்டுல குடுத்து காயில் கட்டி கொண்டு வந்தோம், தலைவர் இல்லாத ஆட்சி அன்னிக்கு நல்லா தான் வேலை செஞ்சுது. மோட்டார் ஓடுன மொத நாளே பிரச்சன, காசு குடுக்காத மூணாவது தெருவுக்கு வால்வு தொறக்கக் கூடாதுன்னு நாலு பேரு நின்னாங்க. காசு குடுக்காத தெரு இல்ல அது, காசு கேக்கவே யாரும் போகாத தெரு.

நாலாவது கட்சிய யாரும் பெருமையா பேசறது இல்ல, ஓட்டு போட்டு வந்த ஊராட்சித் தலைவர். பலம்னு பாத்தா கிட்டத்தட்ட பூஜ்யம். தனியா ஒரு செக்குல கையெழுத்து போட முடியாது, துணைத் தலைவரும் போடணும், துணைத் தலைவர் எப்பவும் எதிர் பார்ட்டி. மேல கலெக்டர், ஊராட்சிச் சட்டம் 205வது பிரிவுல, பதவிய விட்டு எடுக்கறேன்னு நோட்டீஸ் விடலாம். கிராமசபைன்னு இப்ப வருஷத்துக்கு ஆறு தடவ உக்காந்து கணக்கு படிக்கணும், படிக்கறது என்னவோ யாரும் காது குடுக்காத வேகத்துல தான், கையெழுத்து நோட்டு மறுநாள் வீடு வீடா வர்றதும் உண்டு. எங்க தலைவர் ஒண்ணும் உத்தமர் இல்ல, எலெக்‌ஷனுக்கு என்னென்ன குடுத்தாருன்னு எனக்கும் தெரியும், வாங்குனவங்க லிஸ்ட்ல எங்க வீடும் இருக்கு. ஆனா 2020க்கு அப்பறம் மோட்டார் எரிஞ்சப்ப மூணாவது நாள் தண்ணி வந்துச்சு. காரணம் அவரு நல்ல மனசெல்லாம் இல்ல, எங்க அத்தை காலி குடத்தோட அவரு வீட்டு வாசல்ல போய் உக்காந்துச்சு, அவரு பொண்டாட்டி சமைக்க முடியல. அந்த மூணாவது தெருவுலயும் வால்வு தொறந்துச்சு, ஏன்னா அங்க 140 ஓட்டு இருக்கு. அவருக்கு அவங்க மேல அன்பு வரல, கணக்கு வந்துச்சு. எனக்கு அது போதும்.

ராஜாஜி கதை தான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருது. ஓசூர் பக்கத்து தொரப்பள்ளிக்காரரு, 1917ல சேலம் நகராட்சித் தலைவர், அப்பறம் 1937ல சென்னை மாகாணத்துக்கே பிரதமர், முதலமைச்சர அப்ப அப்படித் தான் சொல்வாங்க. மதுவிலக்க மொதல்ல கொண்டாந்தது நம்ம பழைய சேலம் ஜில்லாவுல தான், அப்ப தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதுக்குள்ள. மறுபடி முதலமைச்சரா இருந்தப்ப, 1953ல பாதி நாள் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் வீட்டுத் தொழில்னு ஒரு திட்டத்த யாரையும் கேக்காம எறக்குனாரு, எதிர்ப்பு தாங்காம 1954ல போக வேண்டியதாச்சு. 1959ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சு, அரசாங்கத்து கையில இவ்வளவு லைசென்சு, பர்மிட் அதிகாரம் இருக்கக் கூடாதுன்னு ஊர் ஊரா பேசுனதும் அவரே. அவ்வளவு பெரிய மூளைக்கும் நாற்காலிக்கு வெளிய வந்தா தான் நாற்காலியோட சைஸ் தெரிஞ்சிருக்கு. நம்ம சித்தப்பா எம்மாத்திரம்.

அதனால எனக்கு பெரிய தலைவர் வேணவே வேணாம்னு சொல்ல வாய் வரல, பல்லு இருக்கே சாட்சி. ஒகேனக்கல் பைப்புக்கும் மணியக்காரர எறக்கறதுக்கும் மேல பலம் வேணும், ஆனா அந்தப் பலம் ஒரு வேலைக்கு வந்து முடிச்சிட்டு பைலுக்குள்ள போயிடணும், எங்க தெருவுல வந்து குடியிருக்கக் கூடாது. தெருவுக்கு வேணுங்கறது பலம் கம்மியான ஆளு, வீடு எங்கன்னு தெரியற ஆளு, அஞ்சு வருஷத்துல மாத்தக் கூடிய ஆளு. ஆபீசர் ஆட்சி எனக்கு கடைசி இடம், ஊர்க் கூட்டம் அதுக்கு ஒரு படி மேல, அதுவும் அந்த மூணாவது தெருவையும் திண்ணையில உக்கார வச்சா மட்டும்.

2025 ஜனவரியில பதவிக்காலம் முடிஞ்சு மறுபடி தனி அலுவலர் வந்துட்டாங்க. அந்த வருஷம் கோடையில ஒரு நாள் சாயங்காலம் கேட் வால்வு உடைஞ்சு தண்ணி ரோட்டுல ஓடுச்சு. சித்தப்பா தான் மொதல்ல பாத்தாரு. போன எடுத்து நேரா கூப்ட்டது எங்க பழைய வார்டு மெம்பர, ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு, நாங்க எல்லாம் கேட்டோம். "நான் இப்ப மெம்பரே இல்ல மாமா, எனக்கு எதுக்கு போன் பண்றீங்க"ன்னான். "உன் வீடு தான்டா கிட்ட"ன்னாரு. திட்டிக்கிட்டே ஸ்பேனரோட வந்தான், சைக்கிள் டியூப்ப இறுக்கிக் கட்டி ஓட்டத்த நிறுத்துனான். தண்ணி வந்தப்ப மணி பதினொண்ணு, மொத நாலு குடம் சித்தப்பா வீட்டுது.