சென்னையில் வாடகை வீடு: டோக்கன் போடுமுன்

இங்கிலாந்தில் வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் முன்பணம் ஒரு வார வாடகையைத் தாண்டக்கூடாது. 2019-இல் வந்த சட்டம். வீட்டுக்காரர் பின்வாங்கினால் ஏழு நாளில் பணம் திரும்ப வேண்டும். அந்தப் பழக்கத்தோடு சென்னையில் இறங்கி, அப்பா அம்மாவுக்கு லிஃப்ட் உள்ள இரண்டு பெட்ரூம் வீடு தேடினால் முதல் அடி டோக்கன் என்று இங்கே சொல்லும் அந்த முன்பணத்தில்தான் விழும்.

"இன்னும் மூணு பார்ட்டி பாக்குறாங்க சார், பத்தாயிரம் போட்டு விடுங்க." போட வேண்டியது யார் நம்பருக்கு? புரோக்கர் நம்பருக்கு. ரசீது கிடையாது. சாயங்காலமே "ஓனரோட மச்சான் குடும்பம் வருதாம்" என்று போன் வரலாம். அதன் பிறகு பத்தாயிரம் திரும்புவது புரோக்கரின் மனசைப் பொறுத்தது. டு-லெட் போர்டு பார்த்து கேட்டைத் தட்டிய காலத்தில் வீட்டுக்கார மாமி எத்தனை பேர், என்ன ஊர், அசைவம் உண்டா என்று குடைந்தெடுப்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் எதிரில் நிற்பவர்தான் வீட்டுக்காரர் என்பதாவது நிச்சயம்.

ஆகவே டோக்கனை ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். அதற்கு முன் சொத்து வரி ரசீது, ஈபி பில் இரண்டையும் கேட்டு வாங்கிப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில், சொத்தின் பத்திரப் பதிவு விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். பிறகு ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: கதவு எண், வாடகை, அட்வான்ஸ், சாவி தரும் தேதி, வீடு தராவிட்டால் டோக்கன் முழுவதும் திரும்பும் என்ற வரி. "சரி" என்று பதில் வந்த பிறகே பணம். இதற்கே தயங்குகிற ஓனர் காலி செய்யும்போது அட்வான்ஸை எப்படித் தருவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு நம்பரோடு என்ஆர்ஓ கணக்கை (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) யுபிஐயில் இணைக்கும் வசதி அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளுக்கு உண்டு. ஆனால் உங்கள் வங்கியும் அதை அனுமதித்திருக்க வேண்டும். விமானம் ஏறுமுன் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடுங்கள். ஓனர் வாசலில் நின்று ஓடிபிக்குக் காத்திருந்தால் வீடு கைமாறிவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் லீவில் வருவது ஆடியிலும் மார்கழியிலும். ஊரில் அப்போது யாரும் பால் காய்ச்சமாட்டார்கள். பேரம் பேச அதுதான் நேரம். ஆவணியும் தையும் பிறந்துவிட்டால் ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர். சாவியைத் தை முதல் நாளுக்குப் பேசி, வாடகையும் அன்றிலிருந்துதான் என்று எழுதி வாங்கலாம்.

அட்வான்ஸாகப் பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவே செல்லும். அந்த ஓட்டைதான் எல்லாருக்கும் வசதி! ஒப்பந்தம் பெற்றோர் பெயரில் இருக்கட்டும். கேஸ், ஆதார் முகவரி எல்லாவற்றுக்கும் அதுதான் உதவும். வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிவு செய்யவும் சொல்லுங்கள். பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு என்பார்கள். இந்தச் சட்டத்தில் அந்தச் சாக்கு எடுபடாது. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது ஊர் வழக்கம். எவ்வளவு பிடிப்பார்கள் என்று ரூபாயில் எழுதி வாங்குங்கள்.

ஈபி மீட்டர் தனியா என்று கேட்க மறக்காதீர்கள். இரண்டு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் இரண்டு மாதத்தில் 500 யூனிட் சுலபமாகத் தாண்டும். தாண்டிய பில்லில் 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகையும் போய்விடும். ஏசி போடும் வீட்டில் சப்-மீட்டரைக் காட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் சொன்னால், கடைசி மூன்று ஈபி பில்லை வாங்கிப் பார்த்துவிட்டே தலையாட்டுங்கள்.