ரெகியா 4 இழை நூல்: காலோடு ஒட்டி நிற்கும் காலுறைக்கு

கையால் காலுறை பின்ன ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால், ஜெர்மனியின் ரெகியா 4 இழையைத் தயங்காமல் எடுக்கலாம். 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் பாலிஅமைடு, அதாவது நைலான். 100 கிராம் உருண்டையில் 420 மீட்டர் இருக்கிறது. ஷூவில் உரசி முதலில் ஓட்டை விழுவது குதிகாலிலும் பெருவிரல் நுனியிலும்தான். நைலான் கலக்காத மென்மையான கம்பளி அங்கே சீக்கிரம் நைந்துவிடும். இது தாங்கும். தொட்டால் சற்று வறட்சியாகத்தான் இருக்கும். இரண்டு சலவைக்குப் பிறகு இளகி வரும்.

உருண்டையைச் சுற்றியுள்ள சீட்டில் 10 செ.மீ.க்கு 30 கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையம்), 42 வரிசை என்று இருக்கும். அதை அப்படியே நம்பி ஊசியில் ஏற்றிவிடாதீர்கள். கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். 2.5 மி.மீ. ஊசியில் சிறு மாதிரி ஒன்றை வட்டமாகவே பின்னி, நனைத்து, உலர்த்தி, பிறகு எண்ணுங்கள். முன்னும் பின்னும் திருப்பித் தட்டையாகப் பின்னினால், பின்பக்கத்திலிருந்து பின்னும் மறுபுறக் கண்ணி வரிசைகள் பலருக்குத் தளர்ந்துவிடும், கணக்கு தப்பும்.

விரல்களுக்குக் கீழே பாதம் அகன்ற இடத்தில் சுற்றளவு எடுங்கள். 22 செ.மீ. என்றால், காலுறை இழுபட்டு ஒட்டி நிற்க அதன் சுற்றளவு 20 செ.மீ.தான் இருக்க வேண்டும். 10 செ.மீ.க்கு 32 கண்ணி வந்தால் மொத்தம் 64. அளவைக் குறைக்காமல் 22 செ.மீ.க்கே பின்னினால் ஷூவுக்குள் சுருண்டு, கணுக்காலில் மடிந்து இறங்கும்.

பொருத்தம் கெடுவது பெரும்பாலும் குதிகாலில்தான். 64 கண்ணியில் பாதி, 32 கண்ணியை மட்டும் 32 வரிசை பின்னுங்கள்; ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே மறு ஊசிக்கு நகர்த்த வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் பக்கத்துக்கு 16 சங்கிலிக் கண்ணிகள் தெளிவாக நிற்கும். கண்ணிகளைக் குறைத்தபடி குதிகாலை வளைத்து முடித்ததும் அதில் 18 கண்ணி மிஞ்சும். ஓரச் சங்கிலிகளில் பக்கத்துக்கு 16 ஆக எடுத்த 32, பின்னாமல் விட்டிருந்த மேற்பாதத்தின் 32 சேர்த்து 82. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்தால், ஒன்பது குறைப்புச் சுற்றுகளில் மறுபடி 64. மேற்பாதம் உயரமானவர்களுக்கு 36 வரிசையும் பக்கத்துக்கு 18 கண்ணியும் வேண்டும். இல்லாவிட்டால் காலுறை குதிகாலுக்கு அடியில் இழுபடும். குதிகாலும் மேற்பாதமும் சேரும் மூலையில் ஓட்டை தெரிந்தால் அங்கே கூடுதலாக ஒரு கண்ணி எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிடுங்கள்.

பாத நீளத்துக்கு இன்னும் 5 செ.மீ. இருக்கும்போதே விரல் முனைக் குறைப்பைத் தொடங்க வேண்டும்.

40 டிகிரியில் மெஷினில் துவைக்கலாம், சுருங்காது. சாதாரண அளவுப் பாதத்துக்கு ஒரு உருண்டை ஒரு ஜோடிக்குப் போதும். ஐரோப்பிய அளவில் 44ஆம் எண் ஷூ போடுபவருக்கு நீளமான கணைக்கால் வைத்தால் பற்றாமல் போகலாம். முதல் காலுறை முடிந்ததும் தராசில் வைத்துப் பாருங்கள். 50 கிராமைத் தாண்டியிருந்தால் இரண்டாவதைத் தொடங்கும் முன்பே கணைக்கால் உயரத்தைக் குறைத்துவிடுங்கள்.