இலவச 3டி டிசைன் சாஃப்ட்வேர் ஃப்ரீகேட்டோட டிராயிங் பகுதியான டெக்டிரால டீடெய்ல் வியூ, யூஸ் பண்ணி பாத்துட்டு சொல்றேன்

சர்க்ளிப் (ஷாஃப்ட்ல வெட்டின குரூவ்ல, அதாவது பள்ளத்துல, உக்கார்ற லாக் வளையம்) மாட்டுற ஷாஃப்ட்டுக்கு டிராயிங் போட்டவங்களுக்கு இந்த தொல்லை நல்லா தெரியும். 20 எம்எம் ஷாஃப்ட்டுக்கு சர்க்ளிப்புக்கான ஜெர்மன் ஸ்டாண்டர்டு டின் 471 படி குரூவ் அகலம் 1.3, குரூவ் விட்டம் 19, அதாவது ஒரு பக்கம் ஆழம் வெறும் அரை எம்எம். ஏ3 ஷீட்ல 1:1ல போட்டா ரெண்டு கோடும் ஒட்டிக்கிட்டு நிக்கும், அம்புக்குறி வைக்கக்கூட இடம் இருக்காது. அதே இடத்த 5:1ல டீடெய்ல் வியூவா, அதாவது அந்த சின்ன பகுதிய மட்டும் பெருசாக்கி தனி படமா எடுத்தா 1.3 பேப்பர்ல 6.5 ஆகிடும், லேத்ல நிக்கிறவர் கண்ண சுருக்காம படிச்சிடுவார்.

முன்னாடி வேற ஒரு 2டி சாஃப்ட்வேர்ல இத கையாலதான் செஞ்சிட்டு இருந்தேன், கோட்ட எல்லாம் காப்பி எடுத்து, வட்டத்துக்கு வெளிய இருக்கறத ட்ரிம் பண்ணி, 5 மடங்கு ஸ்கேல் பண்ணா டைமென்ஷன் 6.5னு காட்டும், அத அழிச்சிட்டு 1.3னு நானே டைப் பண்ணுவேன். ஒரு தடவ ஷாஃப்ட் 30க்கு மாறிடுச்சு. குரூவ் 1.6 ஆகணும், மெயின் வியூவ மாத்திட்டேன், ஆனா டைப் பண்ண 1.3 அப்படியே நின்னுடுச்சு. சர்க்ளிப்போட தடிமன் 1.5, எப்படி உள்ள போகும்? குரூவ அகலமாக்குற வேலைங்கறதால திரும்ப லேத்ல ஏத்தி சரி பண்ண முடிஞ்சது, தலைகீழா, குரூவ் தேவைக்கு மேல அகலமாகி இருந்தா பீஸே போயிருக்கும்.

ஃப்ரீகேட்ல இந்த பயம் போயிடுச்சு, எனக்கு இது பிடிச்சதுக்கு முதல் காரணமே அதுதான். பேஸ் வியூவ (மெயின் வியூவ) செலக்ட் பண்ணி டீடெய்ல் வியூ போட்டா ஒரு வட்டம் வரும், அத இழுத்துட்டு போய் குரூவ் மேல வச்சு, ரேடியஸ், ஸ்கேல், டீடெய்லுக்கு பேரா வைக்கற எழுத்து (A, B மாதிரி) மூணையும் குடுத்தா வேலை முடிஞ்சது. டீடெய்ல்ல டைமென்ஷன் வச்சா 6.5னு காட்டாது, உண்மையான 1.3தான் காட்டும். 3டி மாடல்ல குரூவ மாத்துனா டீடெய்லும் தானா மாறிடும். செக்‌ஷன் வியூ (பார்ட்ட வெட்டி உள்பக்கத்த காட்டுற படம்) மேலயும் டீடெய்ல் எடுக்கலாம், போருக்கு (துளைக்கு) உள்ள இருக்கற ஓ ரிங் (கசிவ தடுக்கற ரப்பர் வளையம்) குரூவுக்கு இது இல்லாம முடியாது.

கவனிக்க வேண்டியதும் இருக்கு. வட்டத்தோட இடத்த வியூவோட நடுவுல இருந்துதான் கணக்கு பண்ணுது, அதனால ஷாஃப்ட் நீளத்த மாத்துனீங்கன்னா வட்டம் இன்னும் குரூவ் மேலதான் நிக்குதான்னு ஒரு தடவ பாத்துடுங்க, நான் இப்ப ஒவ்வொரு ரிவிஷன்லயும் பாக்கறேன். உள்ளுக்குள்ள சாலிட நிஜமாவே வெட்டி எடுக்கறதால பெரிய அசெம்ப்ளில கொஞ்ச நேரம் காத்திருக்கணும், தனி பார்ட்டுக்கு பிரச்சனையே இல்ல.

ஸ்கேல் விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். ஸ்கேல கஸ்டம்னு வச்சா எந்த நம்பர் குடுத்தாலும் வாங்கிக்கும், அதுக்காக இடத்துக்கு பொருந்துதுன்னு 3.7லாம் போடாதீங்க, டிராயிங் ஸ்கேலுக்கான ஸ்டாண்டர்டு ஐஎஸ்ஓ 5455ல இருக்கற 2:1, 5:1, 10:1 மாதிரியே போடுங்க. கேப்ஷன்லயும் எழுத்தையும் ஸ்கேலையும் மறக்காம எழுதிடுங்க, அது இல்லாத டீடெய்ல பாத்தா செக் பண்றவர் முதல்ல கேக்கறதே இது எந்த இடத்தோட டீடெய்ல்னுதான்.