கேட்டு வாங்கும் டெபியன், எடுத்துவிட்டுச் சொல்லும் ஃபயர்ஃபாக்ஸ், மனம் மாறிய கோ

நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற விவரத்தை மென்பொருள்கள் நம்மைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கின்றனவா? டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும்போது ஒரு திரை வரும். எந்தெந்த மென்பொருள் தொகுப்புகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கணக்கெடுப்பில் சேர விருப்பமா என்று கேட்கும். தேர்வு 'இல்லை' மேல்தான் நிற்கும். படிக்காமல் எண்டர் தட்டிக்கொண்டே போகிறவரிடமிருந்து ஒரு எழுத்துகூட வெளியே போகாது. டெபியன் வெளியிடும் முதல் நிறுவல் வட்டில் எந்தத் தொகுப்புகளைச் சேர்ப்பது போன்ற முடிவுகளுக்கு இது உதவும் என்று அதே திரையில் காரணமும் இருக்கும். சேர்ந்துவிட்டால் வாரம் ஒருமுறை அனுப்பும். அந்த விவரம் சாதாரண எழுத்துக் கோப்பாக நம் கணினியின் லாக் கோப்புறையிலேயே இருக்கும்; திறந்து பார்க்கலாம். ஒரு தொகுப்புக்கு ஒரு வரி: கடைசியாகப் பயன்படுத்திய நேரம், தொகுப்பின் பெயர், அதிலுள்ள நிரலின் பெயர். சம்மதம் என்றால் எனக்கு இதுதான் அளவுகோல்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் டெலிமெட்ரி, அதாவது பயன்பாட்டு விவரங்களைத் திரட்டித் தயாரிப்பாளருக்கு அனுப்பும் வசதி, முதலிலேயே ஆன் ஆகித்தான் வரும். ஆனால் ஒளிவுமறைவு இல்லை. முகவரிப் பட்டையில் 'அபவுட்:டெலிமெட்ரி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் திரட்டியதெல்லாம் கண்முன் வரும். செட்டிங்ஸில் நிறுத்தவும் முடியும். வெளிப்படைத்தன்மைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், சம்மதத்துக்கு முடியாது. 2024 ஜூலையில் 128ஆம் பதிப்பு விளம்பரங்களின் பலனை அளக்கும் ஒரு சோதனை வசதியை, டிக் அடித்த நிலையிலேயே கொண்டுவந்தது. தனிநபரை அடையாளம் காட்டாத வடிவமைப்பு என்றார்கள். இருக்கட்டும், கேட்டிருக்கலாமே! தனியுரிமைக்காகப் போராடும் வியன்னாவின் நொய்ப் அமைப்பு செப்டம்பரில் இதன்மேல் புகார் கொடுத்தது.

கோ என்ற நிரலாக்க மொழியின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2023 பிப்ரவரியில் அந்த மொழிக் குழுவின் ரஸ் காக்ஸ் முன்வைத்த திட்டத்தில் டெலிமெட்ரி தானாக ஆன் ஆகியிருக்கும், வேண்டாதவர்தான் நிறுத்த வேண்டும். கேட்டுவிட்டு எடுத்தால் போதுமான பேர் சேரமாட்டார்கள் என்ற கவலை நியாயமானதுதான். எதிர்ப்பு வலுத்ததும் சில வாரங்களிலேயே திட்டத்தைத் திருப்பிப் போட்டார். 2024 ஆகஸ்டில் வந்த 1.23ஆம் பதிப்பில் பயன்பாட்டு எண்ணிக்கைகள் நம் வட்டில் மட்டும் சேர்கின்றன. 'கோ டெலிமெட்ரி ஆன்' என்று நாமே கட்டளை கொடுத்தால்தான் வெளியே போகும். முதலில் சேர்த்து வைத்துக் காட்டு, பிறகு கேள் என்ற இந்த வரிசை டெபியனைவிடவும் ஒரு படி மேல்: 'சரி' சொல்லும் முன்பே எது போகும் என்று பார்த்துவிடலாம்.

விண்டோஸ் 10 ஹோம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூடவா குறைவா என்று மட்டும் தேர்ந்தெடுக்கலாம்; முழுதாக நிறுத்த வழி இல்லை.

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தெளிவான ஒரு செயலால் வெளிப்பட வேண்டும் என்கிறது. அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

என் மடிக்கணினியில் டெபியன் கணக்கெடுப்புக்கு 'ஆம்' சொல்லியிருக்கிறேன். கோ மொழியில் ஒரு வார எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ஆன் செய்தேன். ஃபயர்ஃபாக்ஸில் விளம்பர டிக்கை மட்டும் எடுத்துவிட்டேன்.