இந்தக் கதவுச் சத்தம் எந்த ஊருது? வாங்குவதா, இரவல் எடுப்பதா, நாமே பதிவதா

போன வைகாசியில் நாங்கள் செய்துவரும் வீடியோ விளையாட்டின் முதல் கட்டத்தை உறவுக்காரர் வீட்டில் போட்டுக் காட்டினோம். விடுமுறைக்கு அப்புச்சி ஊருக்கு வந்த சிறுமி ஒருத்தி, காங்கேயம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டிலும் அதையொட்டிப் பூட்டிக் கிடக்கும் பழைய ஜின்னிங் பேக்டரியிலும் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்ப்பதுதான் கதை. பேக்டரியின் இரும்புக் கதவு நகர்ந்ததும் கல்லூரியில் படிக்கும் தம்பி, "அண்ணா, இது டூம் கதவு" என்றான். வீட்டுக் கதவு திறந்ததும் அம்மாயி, "ஏங்கண்ணு, பேய்ப் படமா? நம்மூட்டுக் கதவு இப்பிடிக் கத்தாதே" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். இரும்புக் கதவின் சத்தத்தை விலைக்கு வாங்கிய தொகுப்பிலிருந்து எடுத்திருந்தோம். 1993இல் வந்த டூம் விளையாட்டின் கதவுகளும் கனடாவின் சவுண்ட் ஐடியாஸ் நிறுவனம் விற்ற சீரீஸ் 6000 தொகுப்பிலிருந்து வந்தவை. அதே சத்தங்கள் எத்தனையோ படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. டூமில் இருட்டுக்குள் உறுமும் அரக்கனின் முனகல்கூட ஒட்டகத்தின் குரல்தான். இதில் திருட்டு எதுவும் இல்லை. தொகுப்பை வாங்கியவர் எவரும் பயன்படுத்தலாம், நாங்களும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். ஆனால் அந்தச் சத்தம் தம்பியின் காதில் ஏற்கெனவே வேறொரு விளையாட்டில் குடியிருந்தது. அங்கிருந்து அதைக் கிளப்ப எங்கள் காசுக்கு முடியவில்லை.

அன்று ராத்திரியே ஒரு முடிவுக்கு வந்தோம். விளையாட்டில் வரும் முக்கியமான சத்தம் ஒவ்வொன்றுக்கும் நான்கு மாதிரி எடுப்பது: விலைத் தொகுப்பிலிருந்து ஒன்று, இலவசக் களஞ்சியத்திலிருந்து ஒன்று, மென்பொருளில் உருவாக்கியது ஒன்று, நாங்களே மைக்கோடு போய்ப் பதிந்தது ஒன்று. எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டி, கேட்பவர்களையே எடுக்கச் சொல்வது.

இடியில் எங்கள் எதிர்பார்ப்பு பொய்த்தது. விலைத் தொகுப்பே ஜெயித்தது. ஹாலிவுட்டில் 1931இல் ஃப்ராங்கென்ஸ்டைன் படத்துக்காகப் பதிந்த ஓர் இடிச் சத்தம் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் படம் படமாக இடித்தது. யாரும் மழையை விட்டுவிட்டு அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இடிக்கு ஊர் இல்லை. தாராபுரத்தில் இடித்தாலும் டொராண்டோவில் இடித்தாலும் குழந்தை போர்வைக்குள்தான் போகும். நாங்கள் மொட்டைமாடியில் நனைந்து பதிந்த இடியில் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையும் ஒரு டிவிஎஸ் மொபெட்டும்தான் தெளிவாகக் கேட்டன. அதை மனசாரத் தூக்கிப் போட்டோம்.

பறவையும் தவளையும் வந்தபோது கதை தலைகீழானது. திரையில் கழுகு பறந்தால் கேட்கும் அந்த நீண்ட கீச்சலைப் பெரும்பாலும் கொடுப்பது வட அமெரிக்காவின் வால் சிவந்த பருந்து. பழைய டார்சான் படங்களின் காட்டுக்குள் சிரிக்கும் குக்காபரா, ஆஸ்திரேலியாவின் மீன்கொத்தி இனம். தவளை என்றதும் உலகம் முழுக்க நினைக்கும் "ரிபிட் ரிபிட்" என்ற குரல், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் ஒரு சிறு மரத்தவளையுடையது. ஹாலிவுட் ஒலிப்பதிவாளர்களுக்குப் பக்கத்தில் கிடைத்தது அதுதான். படங்கள் வழியாக எல்லா நாட்டுத் தவளையும் அப்படியே கத்துவதாக ஆகிவிட்டது. எங்கள் விளையாட்டிலும் கிணற்றடியில் அதே குரல் கேட்டது. நாலு மாதிரியும் கேட்ட அம்மாயி, "இது தவக்களையே இல்ல, ஏதோ பொம்மை" என்று ஒரே வார்த்தையில் தள்ளினார். வாய்க்கால் மேட்டில் வளர்ந்தவர், அவர் காதை ஏமாற்ற முடியாது.

இதைச் சின்ன விஷயம் என்று நான் விடமாட்டேன். நம் குழந்தைகள் ஏற்கெனவே பாதித் தவளையைத் திரையில்தான் கேட்கிறார்கள். அந்தப் பாதியும் கலிபோர்னியாத் தவளை என்றால், மழை விட்ட ராத்திரியில் நிஜத் தவளை கத்தும்போது அது என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்து தறி. எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இதுதான். கதையில் சிறுமியின் மாமா விசைத்தறி ஓட்டுகிறார். விலைத் தொகுப்பில் கிடைத்த தறி ஏதோ வெளிநாட்டு ஆலையில் பதிந்தது, ஓட்டமே வேறு. இலவசக் களஞ்சியத்தில் கிடைத்தவை கேட்க நன்றாக இருந்தன, ஆனால் அருங்காட்சியகத்தில் பார்வையாளருக்காக ஓட்டிக் காட்டும் தறி போலத் தனியாகவும் நிதானமாகவும் இருந்தன. சோமனூர், பல்லடம் பக்கம் யாரும் தறியைத் தனியாகக் கேட்பதில்லை. ஒரு கூடத்தில் பத்துத் தறி ஓடும், பக்கத்துக் கூடத்தில் இன்னும் பத்து, தெருவே அதிரும். கரண்ட் போனால்தான் ஊருக்கு அமைதி என்றால் என்னவென்று தெரியும்.

பல்லடம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தறிக்கூடத்துக்குப் போனோம். எல்லாம் சேர்ந்து ஓடுவதைப் பதிவது சுலபம், மைக்கின் அளவைக் குறைத்து வைத்தால் போதும். ஆனால் திரையில் மாமா ஒற்றைத் தறியின் பக்கத்தில் நிற்கும்போது நாடா (ஊடுநூலோடு தறியில் இங்கும் அங்கும் ஓடும் கட்டை) அடிபடும் சத்தம் தனியாக வேண்டும். அதற்கு மற்ற தறிகளை நிறுத்த வேண்டும். ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்வது கூலியை நிறுத்தச் சொல்வது. கேட்கவே வாய் வரவில்லை. அவரே, "மத்தியானம் சோத்துக்கு நிறுத்துவோமுங்க, அப்ப ஒண்ண மட்டும் ஓட்டிக் குடுக்கறேன்" என்றார். பத்து நிமிடம் கிடைத்தது. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் ஸ்டீரியோவாக நிமிடத்துக்குச் சுமார் 17 எம்.பி. பிடித்தது, அந்த 170 எம்.பி.தான் எங்கள் விளையாட்டின் உயிர் என்று நான் நினைக்கிறேன். நாடா ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தரை சேர்ந்து குலுங்குவது அதில் கேட்கிறது. எந்தத் தொகுப்பிலும் அது கிடைக்கவில்லை.

மென்பொருளில் உருவாக்குவதை நான் குறைத்துப் பேசவில்லை. ஸ்வீடன்காரர் டோமாஸ் பெட்டர்சன் 2007இல், குறுகிய நேரத்தில் விளையாட்டு செய்யும் லூடம் டேர் போட்டிக்காக எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற சின்னக் கருவியை எழுதினார். பொத்தானை அழுத்தினால் காசு எடுக்கும் சத்தம், குதிக்கும் சத்தம், வெடிக்கும் சத்தம் என்று நொடியில் கொட்டும். காசு செலவில்லை, யாருடைய உரிமமும் இல்லை. முதலில் எங்கள் சிறுமி புளியங்கொட்டை பொறுக்கும்போது அந்த "டிங்"தான் ஒலித்தது. பிறகு பித்தளைச் சொம்புக்குள் நிஜப் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுப் பதிந்தோம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களில் ஒருவர்கூட "டிங்"கை எடுக்கவில்லை. விளையாட்டின் மெனுவைத் திறப்பதற்கும் அமைப்புகளை மாற்றுவதற்கும் மட்டும் கருவிச் சத்தம் தங்கிவிட்டது. அங்கே அது பொருத்தம்.

உரிமத்தைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இலவசம் எல்லாம் ஒரே இலவசம் இல்லை. பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் களஞ்சியத்தில் சி.சி. (கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம முறை) ஜீரோ என்று குறித்ததை அப்படியே எடுக்கலாம், சி.சி. பை என்றால் பதிந்தவர் பெயரைப் போட்டாக வேண்டும், என்.சி. (வணிகத்துக்கு அல்ல) என்று இருந்தால் விற்கிற விளையாட்டில் வைக்கக்கூடாது. பிபிசி 2018இல் 16,000 சத்தங்களைத் திறந்துவிட்டது, ஆனால் சொந்த உபயோகம், படிப்பு, ஆராய்ச்சிக்கு மட்டும். வணிகத்துக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். நூறு ரூபாய்க்கு விற்றாலும் வணிகம் வணிகம்தான். இதைப் பாராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளம் இருக்கிறது. பாத்திரம் சாகும்போது ஆண்டுக்கணக்கில் ஒலித்த அந்த "ஊஃப்", 2000இல் வெளியான மெசையா என்ற விளையாட்டிலிருந்து வந்தது என்று பின்னால் தெரியவந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டு வேறு சத்தம் வைத்தார்கள். கோடிக்கணக்கான பிள்ளைகள் பழகிய சத்தம் ஒரே நாளில் போயிற்று.

படம் படமாகத் திரும்பத் திரும்ப வரும் வில்ஹெல்ம் அலறலைப் பற்றியும் கேட்பார்கள். 1951இல் ஒரு படத்தில் முதலை இழுத்துப்போகும் ஆளுக்காகப் பதிந்தது, ஸ்டார் வார்ஸில் அதன் ஒலிக்கலைஞர் பென் பர்ட் எடுத்து வைத்ததிலிருந்து ஒலிக்கலைஞர்களுக்குள் ஒரு சங்கேதமாகவே ஆகிவிட்டது. அந்தப் பழக்கத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் கதையில் யாரும் அலறவில்லை, அதனால் தேவைப்படவில்லை.

ஆக, இப்போது எங்கள் விளையாட்டில் இடியும் கண்ணாடி உடைவதும் வாங்கியவை. காற்று இலவசக் களஞ்சியத்தினது; பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றை நாங்களே பதியப் போய், மைக்குக்கு ரோம உறை போட்டும் வெறும் இரைச்சலே மிஞ்சியது. பதிந்தவர் பெயர் கடைசியில் ஓடும். கதவு, தறி, சொம்பு, கிணற்று உருளை, கட்டுத்தறியில் மாட்டின் கழுத்துமணி எல்லாம் நாங்கள் பதிந்தவை. வீட்டுக் கதவுக்கு அம்மாயி வீட்டுக் கதவையே பதிந்தோம். அது கீச்சிடுவதில்லை, கனத்த மரம் நகர்ந்து, கொண்டி நிலையில் தட்டி, ஒரு "தொம்" மட்டும். போட்டுக் காட்டியபோது அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. யார் வந்தது என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

தவளை மட்டும் பாக்கி. கிணற்றடிக் காட்சி இப்போதைக்குச் சத்தமில்லாமல் கிடக்கிறது. ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறோம். வாய்க்கால் ஓரம் மைக் வைக்க இடம் பார்த்தாயிற்று.