ஜூலியஸ் ஓல்சன் கடலோவியம் வாங்கப் போகிறீர்களா? என் 2,704 பவுண்டு போன விதம்

பழைய கடலோவியம் சேர்ப்பவர்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில் ஒரு பழம்பொருள் கடை. வழக்குப் போடப் போவதால் பெயர் வேண்டாம். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிலா வெளிச்சத்தில் அலை உடைகிற எண்ணெய் ஓவியம், வலது மூலையில் ஓல்சன் கையெழுத்து, விலை 2,600 பவுண்டு. கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸில் குடியேறி நிலவொளிக் கடலை வரைவதற்குப் பேர் வாங்கிய ஓவியர் அவர். அவருடைய பெரிய படங்கள் நம் கைக்கு எட்டாது. சின்னதாக ஒன்றாவது கிடைக்காதா என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

கடைக்காரர் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். ஓல்சனின் அப்பா ஸ்வீடன்காரர் என்றார். ஆல்ஜர்னன் டால்மேஜ் என்ற ஓவியரோடு சேர்ந்து ஓவியப் பள்ளி நடத்தியதையும், கனடாவிலிருந்து ஓவியர் எமிலி கார் அங்கே வந்து படித்ததையும், 1911 ஓவியம் ஒன்று டேட் அருங்காட்சியகத்தில் இருப்பதையும் சொன்னார். அத்தனையும் உண்மை. அதுதான் ஆளைச் சாய்த்தது. படத்தைத் திருப்பி, பழுப்பேறிய சட்டத்தையும் துருப்பிடித்த ஆணிகளையும் காட்டினார். அலையின் நுரையில் தடித்து நின்ற வெள்ளைச் சாயத்தின் மேல் என் விரலையே பிடித்து வைத்து, "இதை வேறு யார் போடுவார்கள்?" என்றார். பாட்டனார் வீட்டில் தொங்கிய படமாம்.

கார்டு மெஷின் பழுது, வங்கிப் பரிமாற்றம் போதும் என்றார். பில்லில் ஓவியரின் மறுவிற்பனை உரிமைத் தொகை (படம் கைமாறும்போது ஓவியருக்கோ வாரிசுக்கோ போகும் பங்கு) என்று 4 சதவீதம், 104 பவுண்டு, தனியாக ஏற்றியிருந்தார். ஆக 2,704. அந்த உரிமை இங்கே ஓவியர் இறந்து 70 ஆண்டு வரைதான். ஓல்சன் இறந்தது 1942. அதாவது 2012 முடிவோடு தீர்ந்துபோன தொகையை என்னிடம் வசூலித்திருக்கிறார்! திருட்டிலும் ஒரு வரி.

வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்தேன். பழைய வார்னிஷ் பச்சையாக மினுங்கியது. கையெழுத்து மட்டும் கன்னங்கரேலென்று மேலே நின்றது. உருப்பெருக்கியில் பார்த்தால் முதல் எழுத்தின் வால், சாயப் பரப்பின் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருக்கிறது. படம் காய்ந்து, வெடித்து, அதற்கும் பிறகு யாரோ பெயர் எழுதியிருக்கிறார்கள். ஓவியச் சீரமைப்பாளரும் அதையே சொன்னார்: படம் பழையதுதான், கையெழுத்து பின்னாளில் ஏறியது.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. "டார்ச் வெளிச்சத்தில் எல்லாம் அப்படித்தான் தெரியும்" என்றார் கடைக்காரர். எழுத்தில் கொண்டு வாருங்கள் என்றார். கொண்டு போனால், எங்கள் நிபுணர் கருத்து வேறு என்றார். எந்த நிபுணர்? பெயர் சொல்ல முடியாதாம். அடுத்த முறை, பங்குதாரர் விடுமுறையில் இருக்கிறார். அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. வங்கியில் கேட்டால், பொருள் கைக்கு வந்துவிட்டதே, இது மோசடி இல்லை, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு என்று பணிவாகக் கைகழுவினார்கள். 2,704 பவுண்டு! சொன்னபடி இல்லாத பொருளுக்கு 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அங்கேதான் போகிறேன்.

சரி, சொல்ல வந்தது. இங்கே வாங்குகிறவர்கள் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளென்றால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. மெஷின் பழுது என்றால் கடையை விட்டு வெளியே வாருங்கள். டார்ச்சைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அடித்துப் பாருங்கள், முதலில் கையெழுத்தின் மேல். பில்லில் ஓவியர் பெயரை முழுசாக எழுதி வாங்குங்கள். வேறு எதுவும் இப்போது தோன்றவில்லை, மனசு கொதிக்கிறது.

அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் இன்னொரு நிலவொளிக் கடல் ஏறியிருக்கிறது, அதே மூலையில் அதே கையெழுத்து. 2,900 பவுண்டாம். யாரும் வாங்கித் தொலைக்காதீர்கள்.